பாட்டனாரின் ஊரைத் தேடும் பிள்ளைகளுக்கு



"சேர், டிஎன்ஏ பார்த்தால் எங்கட பாட்டனார் எந்த ஊரென்று தெரியுமா?" கினிகத்தேனைப் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது.

டிஎன்ஏ பரிசோதனை, மூதாதையர் எந்தப் பிரதேசத்தவர் என்று மதிப்பிடும். ஏற்கெனவே பரிசோதித்துக்கொண்ட உறவினரையும் காட்டலாம். ஊர்ப் பெயரைச் சொல்லாது. அதைக் கடதாசிதான் சொல்ல வேண்டும்.

கடதாசி இங்கே வாழ்வையே தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்கு, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் அது இருந்திருக்கும்? சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களையும் அச்சட்டம் விடவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

ஆகவே, தேடலை வீட்டுப் பெட்டியில் தொடங்குங்கள்: பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்கள், பிரஜாவுரிமை விண்ணப்பங்கள், பழைய கடவுச்சீட்டு. தோட்டத்துச் செக்ரோலையும் கேட்டுப் பாருங்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். 'இராமாயி', 'ராமாய்' இரண்டையும் தேடுங்கள். பிறகு இணையத்தில் நூலகம் நிறுவனத்தின் தொகுப்பு, கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

அப்பாயி, அம்மாயி இருக்கும்போதே ஊரையும் உறவையும் கேட்டு எழுதுங்கள். வீடு துப்பரவாக்கும்போது பழைய கடதாசியை எரிக்க வேண்டாம். படம் எடுத்து வையுங்கள். அன்று அது இல்லாததால்தான் நாடு போனது.