இழுவைப்பிடியும் வண்டி மசகும்

ஆலங்குளத்து நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணிலிருந்து பழைய மிட்செல் 300 தூண்டில் ரீல் ஒன்று எங்கள் கைக்கு வந்தது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய பெரியப்பா கொண்டுவந்த பொருள். ஆசை மிகுதியால் கழற்றிக்கூடப் பார்க்காமல் குளக்கரைக்கு எடுத்துச் சென்றோம். முதல் மீன் இழுத்தது, ரீல் விட்டுக்கொடுக்கவில்லை, தங்கூசி அறுந்தது. வாயில் முள்ளோடு மீன் போய்விட்டது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூல்சுருள் சுழலாமல் நிற்க, அதைச் சுற்றிவரும் கம்பி தங்கூசியைச் சுற்றும் இவ்வகை ரீலுக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலைக்காரர். ஆலையில் கண்டின் முனைவழியே நூல் தடையின்றி உருவி வருவதைக் கண்டே இந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்பார்கள். ஆனால் 'ஸ்பின்னிங்' என்ற பெயர் நூற்பைக் குறித்ததன்று. நீரில் சுழலும் பொய்யிரையைக் குறித்தது. ஆலங்குளத்திற்குத் தெற்கே பாபநாசத்தில், 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு நூற்பாலை ஓட்டியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மிட்செல் பிறந்ததோ பிரான்சில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன க்ளூஸ் என்னும் ஊரில், கார்பனோ அன்ட் பான்ஸ் நிறுவனத்தில்.

ரீலின் முகப்புத் திருகுக்குக் கீழே உலோக வட்டுகளும் மென்மையான வாஷர்களும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். ஃபெல்ட், தோல், டெஃப்லான் என வாஷரின் பொருள் ரீலுக்கு ரீல் மாறும். திருகை இறுக்கினால் உராய்வு கூடும். மீன் அதைமீறி இழுத்தால் சுருள் நழுவித் தங்கூசியைக் கொடுக்கும். இதுவே டிராக், இழுவைப்பிடி எனலாம். எங்கள் ரீலில் பழைய கிரீஸ் அரக்காய் இறுகி வட்டுகளை ஒட்டவைத்திருந்தது.

கிரீஸ் பிடியைத் தளர்த்துவதற்கன்று, சீராக்குவதற்கே. நகரத் தொடங்கத் தேவையான விசைக்கும் நகர்ந்துகொண்டிருக்கத் தேவையான விசைக்கும் வேறுபாடு மிகுந்தால், முதல் வெட்டிலேயே தங்கூசி அறும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு மசகிட்ட நம் முன்னோர் வேண்டியது வழுக்கல். இங்கே வேண்டியதோ வழுக்கலும் பிடிப்பும் ஒருங்கே. அதனால்தான் டிராக்குக்கெனத் தனி கிரீஸ் உண்டு.

வட்டுகளை எடுத்த வரிசையிலேயே பரப்பி வைத்தோம். உலோகத்தைத் துடைத்து, தேய்ந்த வாஷரை மாற்றி, கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி, மிகுதியை வழித்தெடுத்தோம். பிறகு தராசில் இழுத்துப் பார்த்தோம். தங்கூசியின் தாங்குவலிமையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போதும். 4 கிலோ தங்கூசிக்கு 1 கிலோ. சுருளில் தங்கூசி குறையக் குறைய ஆரம் சுருங்கி, அதே திருகு இன்னும் கடுமையாகப் பிடிக்கும். ஆரம் பாதியானால் இழுவை இரட்டிக்கும். ஓடும் மீனுக்குத் திருகை மேலும் இறுக்குவது அறியாமை. வேலை முடிந்ததும் திருகைத் தளர்த்தியே வைக்க வேண்டும். இல்லையேல் வாஷர்கள் நசுங்கிவிடும். பரணில் அந்த ரீல் இறுக்கிய திருகோடுதான் கிடந்தது.

பாபநாசத்துப் படித்துறையில் பொரிக்கு வாய் திறக்கும் மீன்களைப் பார்க்கும்போதெல்லாம் முள்ளோடு போன அந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. பிடிக்கத் தெரிந்தவனுக்கு விடவும் தெரிந்திருக்க வேண்டும்.