பஞ்சுப் போர்வை தைத்த கிழவி

கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பழைய கடன் உண்டு. பாட்டிமாரிடம் கேட்டதை எழுதுகிறோம். அச்சில் நம் பெயர் வருகிறது. பாட்டியின் பெயர் வருவதில்லை. அந்தக் கடனை நாணயமாகத் தீர்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நாவலாசிரியர் அல்ல, வைத்தியர்.

இத்தாலியின் தெற்கே, சிஸிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில் 1841-இல் பிறந்தவர் ஜுஸெப்பே பித்ரே. அவர் வாலிபராக இருந்தபோது, 1861-இல், இத்தாலி ஒரே ராஜ்யமாயிற்று. பள்ளிக்கூடத்திலும் சர்க்கார் அலுவலகத்திலும் இலக்கிய இத்தாலிய மொழிக்குத்தான் மரியாதை. சிஸிலியின் பேச்சு, எழுத்தறியாதவர் பேச்சு என்று பின்தள்ளப்பட்டது. பித்ரே அந்தப் பேச்சைத்தான் தேடிப் போனார். தாமே கேட்டும் நண்பர்கள் மூலம் பெற்றும் கதைகளைச் சேர்த்தார். இலக்கணம் திருத்தாமல், சொன்னவர் சொன்னபடியே எழுதினார். 1875-இல் நான்கு பாகங்களில் 300 கதைகள் வெளிவந்தன.

நாட்டுக் கதைகளை எழுதுவது இத்தாலிக்குப் புதிதல்ல. நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பத்திஸ்தா பஸிலே என்பவர் எழுதிய கதைத் தொகுதி, அவர் இறந்த பிறகு, 1634-க்கும் 1636-க்கும் இடையில் அச்சாயிற்று. சிண்ட்ரெல்லாவின் கதைகூட அதில் இருக்கிறது. அந்த நூலில் பத்துக் கிழவிகள் ஐந்து நாட்கள் கதை சொல்லுகிறார்கள். ஒருத்தி நொண்டி, ஒருத்தி கூனி, ஒருத்திக்கு மூக்குப் பெரிது. எல்லோரும் ஆசிரியரின் கற்பனை. வாசகர் சிரிப்பதற்காகப் படைக்கப்பட்டவர்கள்.

பித்ரேயின் கிழவியோ ரத்தமும் சதையுமானவள். அவள் பெயர் அகதூத்ஸா மெஸ்ஸியா. எழுபதைக் கடந்தவள், கொள்ளுப் பேரன் பேத்தி கண்டவள்.  குளிர்காலப் பஞ்சுப் போர்வைகள் தைத்துப் பிழைத்தாள். பித்ரேயைக் கைக்குழந்தையாகத் தூக்கியவள். எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் கதையில் கப்பல் புறப்பட்டால் அவள் வாயில் மாலுமியின் வார்த்தைகள் வரும். கதாநாயகி ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தால், ஆயுள் முழுவதும் ரொட்டி சுட்டவள் போலப் பேசுவாள். இவ்வளவையும் தம் நூலின் முன்னுரையிலேயே பித்ரே எழுதி வைத்தார்.

அவள் சொன்ன கதைகளில் ஒன்று, விதி கெட்ட ஓர் அரசகுமாரியைப் பற்றியது. அவள் அண்டிய வீடுகளிலெல்லாம் அவளுடைய விதி வந்து நாசம் செய்கிறது. எல்லோரும் அவளைத் துரத்துகிறார்கள். கடைசியில் அடைக்கலம் கொடுப்பவள் ஒரு வண்ணாத்தி. அவள் சொற்படி, அழுக்கும் கந்தையுமாய்க் கிடந்த தன் விதிக் கிழவியை அந்தப் பெண் குளிப்பாட்டித் தலை வாரிப் புதுத் துணி உடுத்துகிறாள். அதன் பிறகு நல்ல காலம் பிறக்கிறது. உழைத்துப் பிழைத்தவள் வாயில் வந்த கதையில் வண்ணாத்திக்கு அந்த இடம் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை!

ஒரு குறையைப் பித்ரேயே ஒப்புக்கொள்கிறார். அவளுடைய குரலையும் கண்ணசைவையும் கையாட்டத்தையும் காகிதத்தில் கொண்டுவர முடியவில்லை. உண்மைதான். ஆனால் பெயரைக் கொண்டுவந்துவிட்டார். அதனால்தான், 1956-இல் இத்தாலியக் கதைகள் 200-ஐப் பொதுமொழியில் திருப்பி எழுதிய நாவலாசிரியர் இத்தாலோ கால்வினோ, எண்பது வருஷங்களுக்குப் பின் அவளைக் கண்டுகொள்ள முடிந்தது. அவளுடைய கதைகளில் வரும் பெண்கள் அழுதுகொண்டு மூலையில் உட்காராமல், துணிந்து காரியம் செய்கிறவர்கள் என்று வியந்து எழுதினார்.

எனக்குக் கதை சொன்னவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் ஒருத்தியை மேலத் தெருப் பாட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். அவள் சொன்ன கதைகளில் இரண்டை என் பெயரில் எழுதிச் சன்மானமும் வாங்கியிருக்கிறேன். அவளுடைய பெயர் என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால், சொல்ல ஆளில்லை.