நடப்பவர் உள்ளவரை பாதை: ஏவ்பரி கிராமத்தின் தொல்வழிகள்

கோட்டைகளையும் மாளிகைகளையும் எழுப்பியவர்களின் பெயர்களை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. பாதைகளை உண்டாக்கியவர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. ஆடு ஓட்டியவர், சந்தைக்குச் சென்றவர், உறவினரைக் காணப் போனவர் எனப் பெயர் தெரியாத மனிதர்களின் காலடிகளே பழைய வழிகள் யாவற்றையும் உருவாக்கின. அத்தகைய வழிகள் இன்றளவும் புழக்கத்தில் இருக்கும் ஓர் ஊரைப் பற்றி இங்கே பார்ப்போம். அந்த வழிகளின் கதையில் நாம் அனைவரும் சிந்திக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு.

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் ஏவ்பரி என்னும் சிற்றூர் இருக்கிறது. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் அகழ்ந்த பெரும் வட்ட அகழியும், அதற்குள் நிறுத்திய பாறைகளின் வட்டமும் இவ்வூரைச் சூழ்ந்துள்ளன. கல்வட்டத்தின் குறுக்களவு 330 மீட்டருக்கும் மேல். உலகில் இதனினும் பெரிய தொல்கல்வட்டம் வேறில்லை என்பர். வீடுகளும் தெருக்களும் இந்த வட்டத்தினுள்ளேயே அமைந்திருப்பது இவ்வூரின் தனித்தன்மை. 1986ஆம் ஆண்டு ஸ்டோன்ஹெஞ்சுடன் சேர்த்து இது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஊரின் நடுவிலிருந்து கிழக்கே செல்லும் கிரீன் ஸ்ட்ரீட் என்னும் தெரு, சிறிது தொலைவில் தார்ச்சாலைத் தோற்றத்தை இழந்து மண்வழியாகிக் குன்றின் மீது ஏறுகிறது. இதற்கு ஹெர்பாத் என்ற பழம்பெயரும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘படை செல்லும் வழி’. குன்றின் முகட்டை அடைந்ததும் இவ்வழி ரிட்ஜ்வே என்னும் நெடும்பாதையைக் குறுக்கிடுகிறது. அதனையும் கடந்து கிழக்கே சென்றால் ஃபைஃபீல்ட் டவுன் என்ற புல்வெளி. அங்கே சார்சன் என்னும் கடினமான மணற்பாறைகள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு மேயும் ஆடுகள் போலத் தெரிவதால், சாம்பல்நிற ஆடுகள் என்றே ஊரார் அவற்றை அழைத்து வந்தனர். கற்காலத்தார் தம் கற்கோடரிகளைத் தீட்டிய தடங்கள் பதிந்த பாறை ஒன்றும் அவற்றினிடையே இருக்கிறது.

முகட்டிலிருந்து ரிட்ஜ்வே வழியே தெற்கே திரும்பினால் ஓவர்ட்டன் ஹில் வந்து சேரும். அங்கிருந்து கல்வரிசைச் சாலையை ஒட்டி மீண்டும் ஊருக்குள் இறங்கலாம். ஒரு காலத்தில் இரு மருங்கிலும் ஏறக்குறைய நூறு இணைக் கற்கள் நின்றிருந்த சாலை இது. நிதானமாக நடப்பவரும் ஒரு முற்பகலில் இந்தச் சுற்றை முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு முற்பகலில் கடந்து செல்லும் காலமோ ஐயாயிரம் ஆண்டுகள்.

ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கும் ரிட்ஜ்வே, ஐவிங்கோ பீக்கன் வரை 139 கிலோமீட்டர் நீள்கிறது. 1973ஆம் ஆண்டு இது தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டது. சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளின் முகடே இதன் தடம். மழைநீரைச் சுண்ணாம்புப் பாறை விரைவில் உறிஞ்சிக்கொள்வதால், பள்ளத்தாக்குகள் சேறாகிக் கிடக்கும் குளிர்காலத்திலும் முகட்டின் மீது கால் பதித்து நடக்க முடிந்தது. மனிதர் இவ்வழியைத் தேர்ந்ததற்கான காரணம் இதுவே.

பிரிட்டனின் மிகப் பழைய சாலை என்று ரிட்ஜ்வேயைப் பலரும் போற்றுவர். ஆயினும் ஒரு பாதையின் வயதைக் கணிப்பது எளிதன்று. நடந்து தேய்ந்த மண் தன் காலத்தைச் சொல்லாது. அது எதன் மீது ஏறிச் செல்கிறது, எதைக் கண்டு விலகுகிறது என்பதைக் கொண்டே அறிஞர்கள் அதன் காலத்தை உய்த்துணர்கின்றனர். ஓவர்ட்டன் பகுதியில் இப்பாதை பழங்கால வயல்களின் வரப்புகளை வெட்டிக்கொண்டு செல்கிறது. ஆகவே, மக்கள் முகட்டின் மீது நடந்த வழக்கம் எவ்வளவு தொன்மையானதாயினும், அவ்விடத்தில் பாதையின் இன்றைய தடம் அந்த வயல்களுக்குப் பிற்பட்டது என ஆய்வாளர் முடிவு செய்தனர்.

இதற்கு நேர்மாறான சான்று அருகிலேயே இருக்கிறது. 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் சில்பரி மேடு, ஐரோப்பாவில் தொல்பழங்கால மனிதர் எழுப்பிய மேடுகளிலேயே பெரியது. நேராக வரும் ரோமானியச் சாலை இம்மேட்டை நெருங்கியதும் சற்றே வளைந்து விலகிச் செல்கிறது. சாலை அமைத்தவர்கள் வருவதற்கு முன்பே மேடு அங்கே இருந்தது என்பதை, பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி இந்த வளைவைக் கொண்டே எடுத்துரைத்தார்.

ஏவ்பரியின் கற்களோ பாதைகளைப் போல் தப்பிப் பிழைக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் பல கற்களைச் சாய்த்துக் குழியில் புதைத்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நெருப்பால் சூடேற்றித் தண்ணீர் ஊற்றிப் பிளந்து, வீட்டுச் சுவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். 1649ஆம் ஆண்டு ஜான் ஆப்ரி வேட்டைக்கு வந்த இடத்தில் இக்கல்வட்டத்தின் சிறப்பை உணர்ந்து உலகறியச் செய்தார். ஆயினும் அழிவு நிற்கவில்லை. 1720களில் கற்கள் உடைபடுவதை ஸ்டூக்லி நேரில் கண்டு வரைந்து வைத்தார். 1930களில்தான் அலெக்சாண்டர் கெய்லர் என்பார் புதைந்து கிடந்த கற்களைத் தோண்டியெடுத்து மீண்டும் நிறுத்தினார்.

பல டன் எடையுள்ள கற்கள் வீழ்ந்தன. எடையே இல்லாத பாதைகள் நிலைத்தன. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்திய மக்களே இதற்குக் காரணம். சுங்கச் சாலைகளில் கட்டணம் செலுத்த விரும்பாத மாட்டு வணிகர்கள் தம் மந்தைகளை முகட்டு வழியாகவே சந்தைக்கு ஓட்டிச் சென்றனர். அக்காலத்தில் ரிட்ஜ்வே ஒரே தடமாக இருக்கவில்லை. சேறான இடத்தை விலக்கி அவரவர் விரும்பியபடி நடந்த அகன்ற பரப்பாக இருந்தது. பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய சட்டங்கள் வந்த பிறகே, இரு கரைகளுக்கு நடுவில் இன்றைய வடிவம் பெற்றது. பின்னர் இரயில் வந்தது, மந்தைகள் மறைந்தன.

வேலிகள் பெருகியபோது, பிறர் நிலத்தினூடே செல்லும் வழி யாருக்கு உரியது என்ற வினா எழுந்தது. தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த வழி, நிலம் கைமாறினாலும் மக்களுக்கே உரியது என்பது ஆங்கிலேயச் சட்ட மரபு. இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்து வந்த வழியைப் பொதுவழியாகக் கருதலாம் என 1932ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. பொதுவழிகள் யாவற்றையும் வரைபடத்தில் பதிவு செய்யும் பொறுப்பை 1949ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட மன்றங்களிடம் ஒப்படைத்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,25,000 கிலோமீட்டர் நீளப் பொதுவழிகள் பதிவாகியுள்ளன.

ஆனால் பதிவில் விடுபட்ட வழிகளும் பல்லாயிரம் கிலோமீட்டர் உண்டு. பழைய வழிகளைப் பதிவு செய்ய 2026ஆம் ஆண்டுத் தொடக்கத்தை இறுதி நாளாக 2000ஆம் ஆண்டுச் சட்டம் குறித்தது. பின்னர் இங்கிலாந்தில் அக்கெடு 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதனை அறவே நீக்கப் போவதாக 2024ஆம் ஆண்டின் இறுதியில் அரசு அறிவித்தது. இதற்கிடையே எளிய மக்கள் பலர் ஆவணக் காப்பகங்களில் அமர்ந்து, பழைய நிலப்படங்களையும் வரிப் பதிவுகளையும் புரட்டித் தம் ஊர் வழிகளை மீட்டெடுத்து வருகின்றனர். தாம் ஒருபோதும் அறிந்திராத முன்னோர் நடந்த வழியை, தாம் ஒருபோதும் காணப்போகாத சந்ததியினருக்காகக் காக்கும் பணி இது.

பாதைக்கும் உரிமை உண்டு என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. வழியோரம் அமர்வோர் வழிக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும், வழியில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். முள்ளையும் கல்லையும் அகற்றுவது அதில் அடங்கும். பொதுவழியை வளைத்துச் சுவர் எழுப்பாமல் இருப்பதும், கடையின் படியைத் தெருவுக்குள் நீட்டாமல் இருப்பதும் அதில் அடங்கும் அல்லவா?

நம் ஊர்களிலும் வயலுக்குப் போன வரப்பு வழிகளும், குளக்கரை வழிகளும், பள்ளிவாசலுக்கும் மையவாடிக்கும் சென்ற குறுக்குப் பாதைகளும் இருந்தன. அவற்றுள் எவை இன்றும் திறந்திருக்கின்றன, எவை யாருடைய மதிலுக்குள் மறைந்தன என்பதை ஊர்ப் பெரியவர்கள் நன்கறிவர். அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம். இயன்றால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவ்வழிகளில் ஒருமுறை நடந்து வருவோம். வழியில் முள் கிடந்தால் அதையும் எடுத்துப் போட்டுவிட்டு வருவோம்.