பால்மரம் மருந்து தருமா?

மருந்தியல் மாணவர்களிடம் உயிரித் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச வந்தவர், பால்மரத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

நம் தாத்தா பாட்டிமார் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங் தோட்டங்களில் பால் வெட்டிய காலத்தில், அவர்களைப் பெரிதும் அச்சுறுத்திய நோய்களில் ஒன்று மலேரியா. அதற்குக் கொடுக்கப்பட்ட மருந்து கொய்னா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட மருந்து அது. ரப்பரும் சின்கோனாவும் தென்னமெரிக்காவில் பிறந்தவை. ஒரு மரம் நம்மவருக்கு வேலை கொடுத்தது. மற்றொன்று உயிரைக் காத்தது.

காலம் மாறியது, நோயும் மாறியது. மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் இனிப்புநீர் அதிகமாகக் காணப்படுவது இந்தியர்களிடம்தான். அதற்கான இன்சுலின் 1921இல் கனடாவின் டொரொண்டோ நகரில் கண்டறியப்பட்டது. பல்லாண்டுகள் அதை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுத்து வந்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்குரிய மரபணுவை இ.கோலி பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அதையே இன்சுலின் தயாரிக்க வைத்தார்கள். 1982இல் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது. உயிரணுவையே தொழிற்சாலையாக்கும் இந்த முறைதான் மருந்து உயிரித் தொழில்நுட்பத்தின் அடிப்படை.

பாக்டீரியா செய்வதைப் பால்மரம் செய்யாதா? மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழக விஞ்ஞானிகள் இப்படிச் சிந்தித்தார்கள். பி. ஆரோக்கியராஜும் உடன் ஆய்வாளர்களும் 1994இல் மரபணு மாற்றப்பட்ட ரப்பர் செடியைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 2002இல், மனித இரத்தத்திலுள்ள அல்புமின் என்னும் புரதத்தை ரப்பர் மரத்தில் உருவாக்கியதை அறிவித்தனர். கடுமையான தீக்காயத்துக்குப் பயன்படும் அல்புமினை வழக்கமாக இரத்ததானத்திலிருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள்.

ஏன் பால்மரம்? பால் வெட்டியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மரத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. பட்டையைச் சீவினால் பால் வடியும், மறுபடியும் ஊறும். ஒட்டுக்கட்டி ஒரு மரத்தைப் பல மரங்களாகப் பெருக்கலாம்.

ஆனாலும் அந்த அல்புமின் மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. மரத்தில் புரதம் உருவாவது முதல் படி மட்டுமே. ரப்பர் பாலின் சொந்தப் புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமை தருபவை. கையுறை அணிவோர் இதை அறிவர். அவற்றை முற்றாக நீக்கியாக வேண்டும். மரபணு மாற்றிய மரத்தைத் திறந்தவெளியில் நட உயிரியல் பாதுகாப்பும் வேண்டும். 2007இல் நம் நாடு அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றியது.

2001இல் கெடாவில் தொடங்கப்பட்ட எய்ம்ஸ்ட், இன்று பீடோங் செமெலிங்கில் மருந்தியலையும் உயிரித் தொழில்நுட்பத்தையும் கற்பிக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. நல்லெண்ணத்தோடு அதை ஐஸ் கட்டியோடு வைக்கும் பாட்டிக்கு, அவருக்குப் புரியும் தமிழில் இதைச் சொல்வது யார்? நீங்கள்தான்.

வெட்டு ஆழமானால் மரம் புண்ணாகும் என்பது அந்தப் பாட்டிக்குத் தெரியும். காரணத்தைச் சொன்னால், மருந்தையும் அதே கவனத்தோடு காப்பார்.