ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் கார்: பழைய வண்டியின் பராமரிப்பு

ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன் என்பது சுருள்வில், பட்டைவில் ஆகியவற்றுக்குப் பதிலாக, அழுத்தமேற்றிய எண்ணெயும் அடைத்துவைத்த நைட்ரஜனும் சேர்ந்து காரைத் தாங்கும் அமைப்பு. பிரான்சின் சிட்ரோன் நிறுவனம் 1954-ல் இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது, 2017-ல் கைவிட்டது. அதன்பின் இந்தக் கார்களை ஓட்டத்தில் வைத்திருப்பது உரிமையாளரும் மெக்கானிக்கும் சேர்ந்து செய்யும் வேலையாகிவிட்டது. சென்னையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தில் அந்த வேலை எந்த அளவுக்குச் சாத்தியம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தக் கார்களுக்கென்றே செய்த பாகங்கள் இங்கே கிடைப்பதில்லை. ஆனால் அமைப்பை உயிரோடு வைத்திருக்கும் எண்ணெய், நைட்ரஜன், ரப்பர் சீல், ஸ்டீல் பைப் ஆகிய நான்கையும் புரிந்து கையாளும் தொழிலாளர்கள் இவ்வட்டாரத்தில் நிறைய இருக்கிறார்கள்.

இயங்கும் முறை

எஞ்சினோடு பெல்ட்டால் பிணைத்த பிஸ்டன் பம்ப், தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி அழுத்தமேற்றுகிறது. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை ஏறத்தாழ 145 முதல் 170 பார் வரைக்குள் வைத்திருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சிலிண்டர். அதன் தலையில் ஓர் இரும்புக் கோளம். கோளத்தின் நடுவே ரப்பர் சவ்வு. மேல்பாதியில் நைட்ரஜன், கீழ்பாதியில் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் சவ்வைத் தள்ளுகிறது, வாயு சுருங்குகிறது. வில்லின் வேலை அங்கேதான் நடக்கிறது. கோளத்தின் கழுத்தில் உள்ள சிறு துளைத்தட்டு ஷாக் அப்சார்பரின் வேலையைச் செய்கிறது. ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்தால், உயரச் சீராக்கி வால்வு கூடுதல் எண்ணெயை விட்டு அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும்.

இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் பிரேக்கும் இதே அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சில மாடல்களில் ஸ்டீயரிங்கும் அப்படியே. அதனால் சஸ்பென்ஷனில் வரும் கசிவைச் சொகுசுக் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட கோளாறு. கோளங்களைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் வைத்துவிடலாம் என்று பட்டறைகளில் சொல்லப்படும் யோசனையையும் இதே காரணத்தால் ஏற்க முடியாது. வில் வண்டியைத் தாங்கும். பிரேக்குக்கு அழுத்தம் யார் தருவது?

வரலாறும் தமிழ்நாட்டுத் தொடர்பும்

இதை வடிவமைத்தவர் சிட்ரோனில் பணியாற்றிய போல் மாஜெஸ். 1954-ல் டிராக்‌ஷன் அவான் காரின் பின்சக்கரங்களில் மட்டும் பொருத்திப் பார்த்தார்கள். 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வந்த டிஎஸ் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இதுவே. 1975 வரை ஏறத்தாழ 14.5 லட்சம் டிஎஸ் கார்கள் செய்யப்பட்டன. பிறகு ஜிஎஸ் (1970), சிஎக்ஸ் (1974), பிஎக்ஸ் (1982), எக்ஸ்எம் (1989), ஸான்டியா (1993), சி5 (2001) என்று பரம்பரை நீண்டது. ரோல்ஸ் ராய்ஸ் 1965-ல் சில்வர் ஷேடோ காருக்காகச் சிட்ரோனிடம் உரிமம் பெற்றது. மெர்சிடிஸ் 1975-ல் 450எஸ்இஎல் 6.9 காரில் தனக்கேற்ற ஒரு வடிவத்தை வைத்தது.

சிட்ரோன் இந்தியச் சந்தையில் முறையாக இறங்கியது 2021-ல்தான். அவ்வாண்டு சி5 ஏர்கிராஸ் திருவள்ளூர் ஆலையில் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரைத் தயாரித்த அதே ஆலை. சி5 ஏர்கிராஸில் இருப்பது வழக்கமான சுருள்வில். அதன் ஷாக் அப்சார்பரின் இரு முனைகளிலும் எண்ணெய்த் தடுப்பு மட்டும் கூடுதலாக உண்டு. கோளம், பம்ப், அழுத்தமேற்றிய எண்ணெய் எதுவும் கிடையாது. ஆகவே பெயர்ப்பலகையை நம்பி, இன்றைய ஷோரூமில் பழைய சிஎக்ஸுக்குப் பாகம் கேட்டுப் பயனில்லை.

எண்ணெய்

தொடக்கக் காலக் கார்களில் ஓடியது சிவப்பு நிற எல்எச்எஸ். அது சாதாரண பிரேக் ஆயிலைப் போலவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய ஈரம் உள்ளே துருவை உண்டாக்கும். அந்தத் தொல்லையைத் தீர்க்க 1966-ல் பச்சை நிற எல்எச்எம் வந்தது. இது தாது எண்ணெய், ஈரத்தை உறிஞ்சாது. 2001-ல் வந்த சி5-க்கு ஆரஞ்சு நிற எல்டிஎஸ். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

காரணம் ரப்பரில் இருக்கிறது. எல்எச்எம் அமைப்பின் சீல்கள் தாது எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. அதில் மூலைக்கடையில் வாங்கிய பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊதிப்போய், பிசுபிசுத்து, நான்கு சக்கரங்களிலும் ஒருசேரக் கசியத் தொடங்கும். தலைகீழாக, சிவப்பு எண்ணெய்க்கான ரப்பர் தாது எண்ணெயில் கெடும். அமைப்பு முழுவதையும் கழற்றி ஒவ்வொரு சீலையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது. பாகப் பஞ்சத்தைவிட இந்த ஒரு தவறுக்கே உரிமையாளர் அதிகம் அஞ்ச வேண்டும். தொட்டியின் மூடிமேல் எண்ணெயின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவைப்பது நல்லது. வண்டி அவசரத்துக்கு வேறு பட்டறையில் நிற்கும் நாளில் அது காப்பாற்றும்.

எல்எச்எம் வகை எண்ணெய்க்கு ஐஎஸ்ஓ 7308 என்ற தரம் உண்டு. பிராண்டுப் பெயரைச் சொல்லித் தேடுவதைவிட இந்த எண்ணைச் சொல்லித் தேடுவது பயன் தரும். நடுவழியில் எண்ணெய் குறைந்துபோய், எல்எச்எம் கிடைக்கவே இல்லையென்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றி வீடு வந்து சேரலாம்; அதுவும் தாது எண்ணெய் வகையாக இருக்க வேண்டும். வந்ததும் வடித்துவிட்டுப் புது எண்ணெய் மாற்ற வேண்டும்.

நல்ல எண்ணெய் பளிச்சென்று பச்சையாக இருக்கும். மங்கிப் பழுப்பேறினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தொட்டிக்குள் இருக்கும் வலைவடிகட்டிகளைப் பெட்ரோலில் அலசி, காற்றடித்து, நூல் ஒட்டாமல் திரும்பப் பொருத்த வேண்டும். பழைய பனியன் துணியால் துடைக்கும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். உயரச் சீராக்கி வால்வின் உருளை, சீல் எதுவுமின்றி, சில மைக்ரான் இடைவெளியில் நகர்கிறது. ஒரு பஞ்சிழை போதும் அதைச் சிக்கவைக்க.

கோளமும் நைட்ரஜனும்

நைட்ரஜன் சவ்வின் வழியாக ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது, ரப்பரின் இயல்பு அது. கோளத்தின் நிலையைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, வண்டி தன் உயரத்துக்கு வந்ததும், ஒரு மூலையில் உடல் எடையைப் போட்டு அழுத்த வேண்டும். மெத்தென்று இறங்கி எழுந்தால் வாயு இருக்கிறது. கல்லாக நின்றால் கோளம் செத்துவிட்டது. சாலையில் இதன் அடையாளம், எப்போதும் மிதந்து செல்லும் கார் திடீரென்று மணல் லாரியைப் போலக் குதிப்பது. பம்புக்கு அருகில் இருக்கும் சேமிப்புக் கோளத்தை மட்டும் காதால் சோதிக்க வேண்டும். ரெகுலேட்டர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்றால் நலம். இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை என்றால் கோளம் காலியாகிவிட்டது, அல்லது எங்கோ உள்கசிவு.

கழற்றும் முறை: முதலில் வண்டியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைக்க வேண்டும். இந்தக் கார் அழுத்தம் போனதும் தானாகக் கீழே இறங்கும். ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். பிறகு உயர நெம்புகோலைத் தாழ்நிலைக்குத் தள்ளி, எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரின் அழுத்தவிடுப்புத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்த வேண்டும். எண்ணெய் சீறிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பும். சத்தம் முழுவதும் அடங்கிய பின் சங்கிலி ரெஞ்சால் கோளத்தைத் திருகி எடுக்கலாம். புதியதை மாட்டும்போது சீல் வளையத்தில் அதே எண்ணெயைத் தடவி, கையால் மட்டும் இறுக்க வேண்டும். அழுத்தம் ஏறியதும் அது தானே கெட்டியாக உட்காரும்.

பெரும்பாலான மாடல்களின் கோளங்கள் ஒரே மரையில் பொருந்தும். இது வசதியும் ஆபத்தும் ஒருங்கே உடையது. பிஎக்ஸின் கோளம் சிஎக்ஸில் மாட்டும். ஆனால் வாயு அழுத்தமும் கழுத்துத் துளையும் வேறு என்பதால் ஓட்டம் கெட்டுவிடும்.

சவ்வு கிழியாத கோளத்தில் வாயுவை மட்டும் மறுபடி நிரப்பலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் பலம் இங்கேதான் தெரிகிறது. பிரஸ், பிளாஸ்டிக் மோல்டிங் ஆலைகளின் ஹைட்ராலிக் இயந்திரங்களிலும் நைட்ரஜன் அடைத்த அழுத்தச் சேமிப்பிகள் உண்டு. அவற்றை நிரப்பிச் சோதிப்பதை அன்றாடத் தொழிலாகச் செய்பவருக்குக் காரின் கோளம் அதே பொருளின் குட்டி வடிவமாகத்தான் தெரியும். நிரம்பிய நைட்ரஜன் சிலிண்டரில் ஏறத்தாழ 150 பார் இருக்கும். சஸ்பென்ஷன் கோளங்களுக்கு மாடலைப் பொறுத்து 30 முதல் 75 பார் போதும். ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சாதாரண ரெகுலேட்டர் இதற்குப் போதாது. உயரழுத்த ரெகுலேட்டர் வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் கம்ப்ரஸர் காற்றையோ ஆக்ஸிஜனையோ ஏற்றவே கூடாது. அழுத்தத்தில் எண்ணெயும் ஆக்ஸிஜனும் சந்தித்தால் வெடிக்கும். வாயு இருக்கும் கோளத்தில் வெல்டிங் வைப்பதும் அதே அளவு ஆபத்து.

புதுக் கோளங்கள் ஐரோப்பாவில் இன்றும் செய்யப்படுகின்றன. அழுத்தவாயு அடைத்த சரக்கு என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. ஒன்று செத்தபின் ஒன்றை வாங்குவதைவிட, முழு செட்டாகக் கப்பலில் வரவழைப்பதே அறிவுடைமை.

பைப்பும் சீலும் வால்வும்

உயரழுத்தப் பைப்புகள் 3.5 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட மெல்லிய ஸ்டீல் குழாய்கள். கடற்காற்றும் மழைச்சேறும் படும் சென்னைப் பகுதியில் இவை வெளிப்புறமாகத் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பைப்பைச் செம்பு–நிக்கல் குழாயால் மாற்றலாம். முனை விரிப்பு மட்டும் மூலத்தைப் போலவே அமைய வேண்டும். கசிவைத் தேடும்போது விரலால் தடவக் கூடாது. 150 பாரில் ஊசித்துளையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஓர் அட்டையை நீட்டினால் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

தொட்டிக்குத் திரும்பும் ரப்பர் குழாய்களில் அழுத்தம் இல்லை. ஆனால் எஞ்சின் வெப்பத்திலும் நம்மூர் வெயிலிலும் முதலில் வெடிப்பவை அவையே. ஓ-ரிங்குகளை உள்விட்டமும் தடிமனும் அளந்து, நைட்ரைல் என்று கேட்டு, சென்னையின் பாரிமுனையிலோ அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஹைட்ராலிக் கடைகளிலோ வாங்கலாம். பெல்ட், பேரிங் போன்ற பொதுப்பாகங்களுக்கு ஜிபி ரோடு இருக்கிறது. உயரச் சீராக்கியையும் ரெகுலேட்டரையும் மட்டும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைந்த உருளை அந்த இடைவெளியில் மறுபடி சேராது. பிரித்து, கழுவி, சீல் மாற்றிப் பூட்டுவதே அவற்றுக்குச் செய்யக்கூடிய வைத்தியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி. 2015 டிசம்பர் தொடக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டபோது அடையாற்றின் கரையோரங்களில் கார்கள் மூழ்கின. ஹைட்ராலிக் கார் அப்படி மூழ்கினால், எண்ணெய்த் தொட்டியின் காற்றுத்துளை வழியே தண்ணீர் புகும். தாது எண்ணெயோடு அது கலக்காமல் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். ஆகவே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் தொட்டியைக் கழற்றி வடித்துக் கழுவ வேண்டும்.

ஒத்த அமைப்புகள்

பிரிட்டனின் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ஹைட்ரோலாஸ்டிக் 1962-ல் மொரிஸ் 1100 காரில் வந்தது. அதில் பம்ப் இல்லை. முன்பின் சக்கரங்களை இணைக்கும் குழாயில் தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவம். அழுத்தம் இறங்கினால் வால்வு வழியே ஏற்றிக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களில் இருப்பது இதைவிட எளிய நெம்புகோல் ஷாக் அப்சார்பர். மேலே உள்ள திருகைத் திறந்து எண்ணெய் விடலாம். 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் அவை. பழுதுபார்க்கும் கைகள் உள்ளூரிலேயே இருந்ததால் அவை பிழைத்தன.

கைகள் இருந்தாலும் பாகங்கள் வேண்டும்; எந்தப் பழைய காராக இருந்தாலும், அவை எங்கே தேங்கிக் கிடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985 முதல் சில ஆண்டுகள் தயாரித்த ஸ்டாண்டர்ட் 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலமைப்பைக் கொண்டது. ஆலை மூடப்பட்டு, 2006-ல் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, பயன்படுத்தாமல் கிடந்த எஸ்டி1 பாகங்கள் முழுவதையும் ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிச் சென்றது. பிரிட்டனில் அருகிப்போன பாகங்கள் பெருங்களத்தூரில் காத்துக்கிடந்தன.

பதிவு விதிகள்

2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்து, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவை மூலவடிவில் உள்ள வண்டியை ‘விஏ’ எழுத்துத் தொடருடன் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டுக்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அப்படிப் பதிந்த டிஎஸ் அல்லது ஜிஎஸ் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கும். நின்ற வண்டியில் சீல்கள் உலரும், குழாய்களில் காற்று தங்கும். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு, உயர நெம்புகோலைத் தாழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் நான்கைந்து முறை மாற்றி, வண்டியை முழுதாக ஏறி இறங்கவைக்க வேண்டும். பிறகு மேல்நிலையில் நிறுத்தித் தொட்டியின் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். மற்ற நிலைகளில் பார்க்கும் மட்டம் தவறாகக் காட்டும்.