அவையும் பொருளும்: இந்திய வறுமை குறித்த பொதுச் சொற்பொழிவுகளும் விவாதங்களும் (1867–1908)

முன்னுரை

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்களும் பொருட்பாலில் இடம்பெற்றுள்ளன. நாட்டின் பொருளைப் பற்றிச் சிந்திப்பவன் தான் பேசும் அவையின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது இவ்வைப்புமுறையால் பெறப்படும். அவை மாறினால் சொல் மாறும். சொல் மாறினால் பொருளும் ஓரளவு மாறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இந்தியப் பொருளியற் சிந்தனையை ஆராய்வோர், அச்சில் வந்த நூல்களையே பெரிதும் சான்றாகக் கொள்வர். ஆனால் அந்நூல்களுட் பல முதலில் அவைகளில் பேசப்பட்டவை. கேட்டோர் எழுப்பிய தடைகளும், அவற்றுக்கு உரைத்த விடைகளும், அவைத் தலைவர் வகுத்த எல்லையும் அவ்வாதங்களின் அமைப்பில் பதிந்துள்ளன. எந்த அவையில், எந்த மொழியில், யார் முன் பேசப்பட்டது என்பது அரசியல் பொருளாதார வாதங்களின் வடிவை எவ்வாறு தீர்மானித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இலண்டன், பம்பாய், பூனா, சென்னை, தூத்துக்குடி ஆகிய இடங்களில் நிகழ்ந்த உரைகள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இலண்டன் அவையும் கணக்கு என்னும் மொழியும்

தாதாபாய் நௌரோஜி (1825–1917) பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1855இல் வணிகத்தின் பொருட்டு இங்கிலாந்து சென்ற அவர், 1866இல் இலண்டனில் கிழக்கிந்தியச் சங்கம் தோன்றக் காரணமானார். இந்தியாவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆங்கில அலுவலர்களும் அச்சங்கத்தில் உறுப்பினராயிருந்தனர். ஒருவர் கட்டுரை படிப்பார், பிறர் விவாதிப்பர், படித்தவர் விடையளிப்பார், அனைத்தும் சங்கத்தின் இதழில் அச்சாகும். இதுவே அவ்வவையின் மரபு.

1867 மே 2ஆம் நாள் நௌரோஜி இவ்வவையில் ஒரு கட்டுரை படித்தார். இந்தியாவில் திரட்டப்படும் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாட்டை விட்டே வெளியேறி இங்கிலாந்தின் செல்வத்தோடு சேர்கிறது என்பது அதன் சாரம். பிற்காலத்தில் 'செல்வ வெளியேற்றம்' என வழங்கப்பெற்ற கோட்பாட்டின் வித்து இவ்வுரையில் உள்ளது. 1870இல் இலண்டனிலும், 1876இல் கிழக்கிந்தியச் சங்கத்தின் பம்பாய்க் கிளையிலும் படித்த கட்டுரைகளில் அவர் இவ்வாதத்தை விரித்துரைத்தார்.

1876ஆம் ஆண்டு உரையின் மையம் ஓர் எண்ணாகும். 1867–68ஆம் ஆண்டுக்குப் பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த விளைபொருள் மதிப்பு 34 கோடி பவுன்; மக்கள்தொகை 17 கோடி; ஆகவே ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 40 ஷில்லிங், அதாவது 20 ரூபாய் என்று அவர் கணக்கிட்டார். இவ்வெண் குறைவா நிறைவா என்பதைக் கேட்போர் எவ்வாறு அறிவர்? இதற்கு அவர் கையாண்ட உத்தி நோக்கத்தக்கது. கடல்கடந்து செல்லும் கூலிகளுக்குப் பயணத்தில் அளிக்கவேண்டிய உணவின் அளவையும், சிறைக் கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் ஆகும் செலவையும் அரசின் பதிவுகளிலிருந்தே எடுத்துக்காட்டினார். உயிர் தரிக்க ஆளுக்கு 34 ரூபாய் வேண்டும் என்று அவற்றால் நிறுவினார். சிறையிலிருக்கும் குற்றவாளிக்குக் கிடைக்கும் சோறும் துணியும் வெளியிலிருக்கும் குடிமகனுக்கு இல்லை என்பதே இவ்வொப்பீட்டின் பொருள்.

இவ்வாதம் இத்தகைய வடிவம் பெற்றதற்கு அவையே காரணம் எனலாம். இந்தியரின் துயரத்தை இந்தியர் சொல்லக் கேட்டால் ஐயுறும் அவை அது. தன் அரசின் அறிக்கையை அதனால் எளிதில் மறுக்க இயலாது. எனவே நௌரோஜி எதிர்த்தரப்பின் ஏட்டையே சான்றாக்கினார். அவ்வேட்டின் பிழையையும் சுட்டினார். ஒரு மாநிலத்தின் சராசரி விளைச்சலைக் கணக்கிட்ட அலுவலர்கள், ஒவ்வொரு மாவட்டத்தின் ஏக்கர் விளைச்சலையும் கூட்டி மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தனர். எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் பயிராயிற்று என்பதைக் கருதவில்லை. நூறு ஏக்கர் வறண்ட நிலத்தையும் ஓர் ஏக்கர் வளமான நிலத்தையும் சமமாக எண்ணினால் நாடு செழிப்பாகவே தோன்றும். கணித ஆசிரியரின் கண்ணுக்கு இது தப்பவில்லை.

விவாதம் அவ்வளவில் முடியவில்லை. பஞ்சாபின் விளைபொருள் பற்றி அவர் அனுப்பிய பட்டியலுக்கு இந்திய அமைச்சக அலுவலர் ஜூலண்ட் டான்வர்ஸ் 1880இல் ஒரு குறிப்பு எழுதினார். விளைபொருளை மட்டும் எண்ணினால் போதாது; வணிகம், தொழில், பணி ஆகியவற்றால் வரும் வருவாயும் சேரவேண்டும் என்பது அவர் கூற்று. பணிபுரிவோர் பெறும் ஊதியம் விளைபொருளிலிருந்தே பிரித்துத் தரப்படுவது, அதனைத் தனியே சேர்ப்பது இருமுறை எண்ணுவதாகும் என்று நௌரோஜி மறுத்தார். இன்றைய தேசிய வருமானக் கணக்கீடு பணிகளையும் சேர்த்துக்கொள்வதால், இக்கூறில் டான்வர்ஸின் தடையில் உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும், 1882இல் பேரிங், பார்பர் ஆகியோர் கூறிய 27 ரூபாயும், 1901இல் கர்சன் பிரபு கூறிய 30 ரூபாயும் நௌரோஜி கேட்ட 34 ரூபாயை எட்டவில்லை. வறுமை உண்டா என்ற வினா, வறுமை எவ்வளவு என்ற வினாவாக மாறியது. இதுவே அவ்விவாதத்தின் வெற்றி.

பூனாவின் கல்வி அவை

பூனாவில் 1870இல் தோன்றிய சார்வஜனிக் சபையில் உறுப்பினராக விரும்புவோர், குறைந்தது 50 பேரின் ஒப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் கொண்டுவரவேண்டும் என்பது விதி. பிறர் சார்பில் பேசுபவன் அதற்கான உரிமையைக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் இதில் தெரிகிறது. இதே நகரில் 1875இல் தொடங்கப்பெற்ற 'வசந்த வியாக்கியானமாலை' என்னும் கோடைச் சொற்பொழிவு வரிசை மராத்திச் சொற்பொழிவு மரபுக்கு அடித்தளமிட்டது. இரண்டிலும் மகாதேவ கோவிந்த ரானடேயின் (1842–1901) பெயர் இணைந்துள்ளது.

ரானடே அரசின் நீதித்துறையில் பணியாற்றியவர். 1870களின் தொடக்கத்தில் பூனாவில் மராத்தியில் வணிகம் குறித்து ஆற்றிய உரைகளில், நாட்டின் மூலதனம் வெளியேறுவதை அவர் கண்டித்தார். ஆனால் 1890இல் அதே நகரில் கூடிய முதல் தொழில் மாநாட்டில் ஆங்கிலத்தில் பேசியபோது, இங்கிலாந்துக்குச் செலுத்தும் கப்பத்தையே காரணங்காட்டிச் சோர்ந்திருத்தல் தகாது என்றார். ஜாவாவில் டச்சு அரசு உழவர்க்கும் ஆலைகளுக்கும் முன்பணம் அளித்து உற்பத்தியைப் பெருக்கியதை எடுத்துக்காட்டி, இந்திய அரசும் தொழிலுக்குக் கடனுதவ வேண்டும் என வலியுறுத்தினார். இம்மாற்றத்தைக் கருத்து முதிர்ச்சி என்றோ, அலுவலரின் எச்சரிக்கை என்றோ விளக்கலாம். அவை வேறுபாடும் ஒரு காரணம் என்பதைப் புறக்கணித்தல் இயலாது. தொழில் மாநாட்டு அவை, முதலீடு செய்வோரையும் அரசையும் ஒருங்கே நோக்கியது; அங்குக் குற்றச்சாட்டைவிடத் திட்டமே பயன்தரும்.

1892இல் தக்காணக் கல்லூரி மாணவர் முன் ஆற்றிய 'இந்திய அரசியல் பொருளாதாரம்' என்னும் உரை முற்றிலும் வேறு தன்மையது. அதில் எண்கள் முதன்மை பெறவில்லை, கோட்பாடே ஆராயப்பட்டது. தன்னலம் நாடும் தனிமனிதன், தடையற்ற ஒப்பந்தம், எளிதில் இடம்பெயரும் உழைப்பும் மூலதனமும் என்னும் எடுகோள்களின்மீது ஆங்கிலப் பொருளியல் எழுப்பப்பட்டுள்ளது; அவை எங்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை, இந்தியாவில் இன்னும் குறைவாகவே பொருந்தும் என்றார். இங்குத் தனிமனிதனைவிடக் குடும்பமும் சாதியும் வலியவை. ஒப்பந்தத்தைவிடப் பிறப்பால் வந்த நிலையே மேலோங்கியது. ஜெர்மானியரான பிரெடெரிக் லிஸ்ட், அமெரிக்கரான கேரி ஆகியோரின் சிந்தனைகளைத் துணைக்கொண்டு, பொருளியல் விதிகள் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுபவை என்று நிறுவினார். பாடநூலில் கற்பதை எக்காலத்துக்கும் உரிய உண்மையாக எண்ணும் மாணவர்க்கு இதனைவிட வேண்டிய பாடம் வேறில்லை.

அவைக்கு வெளியே நின்றோர்

இலண்டனிலும் தக்காணக் கல்லூரியிலும் நிகழ்ந்த உரைகளில் உழவன் மீண்டும் மீண்டும் பேசுபொருளானான், கேட்போனாக இருந்தானில்லை. இக்குறையை அதே பூனாவில் உணர்ந்து வேறு வழியில் பேசியவர் ஜோதிராவ் புலே (1827–1890). 1873இல் சத்திய சோதக சமாஜத்தை நிறுவிய அவர், 1883இல் 'சேத்கர்யாச்சா ஆசூட்' (உழவனின் சாட்டை) என்னும் நூலை எழுதி முடித்தார். பூனா, பம்பாய், தாணே, ஜுன்னர் முதலிய ஊர்களில் அந்நூலை அவர் மக்கள்முன் படித்துக்காட்டினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் முன்னும் படித்தார். அது அச்சேறும் முன்பே அவையேறிய நூலாகும்.

வரிச்சுமை, மேய்ச்சல் நிலத்தை மறித்த வனத்துறை, கடன் கொடுத்தோர், வழக்குமன்றம் ஆகியவற்றோடு, பிறப்பு முதல் இறப்பு வரை சடங்கின் பெயரால் உழவனிடம் பெறப்பட்டவற்றையும் புலே வரிசைப்படுத்தினார். நௌரோஜியின் கணக்கில் செல்வம் நாட்டை விட்டு வெளியேறியது. புலேயின் கணக்கில் அது உழவனின் வீட்டை விட்டு வெளியேறியது. அதில் ஒரு பகுதி அண்டை வீட்டுக்கே சென்றது. 1882இல் கல்வி குறித்த ஹண்டர் ஆணையத்துக்கு அளித்த அறிக்கையிலும், உழைப்போர் செலுத்தும் வரியின் பயனை மேல்வகுப்பினரே நுகர்கின்றனர் என்று அவர் சுட்டினார். 'இந்தியாவின் வறுமை' என்னும் ஒற்றைத் தொடர் எதனை மறைத்தது என்பதை இவ்வாதம் வெளிப்படுத்தியது. அணை, ஏரி, நல்ல விதை, வேளாண் கல்வி என அவர் முன்வைத்த தீர்வுகள் கேட்போரின் அன்றாட வாழ்வை ஒட்டியவை.

புலேயின் அவையும் வரம்புகளுக்கு உட்பட்டதே. 'தீனபந்து' இதழ் அந்நூலின் முதலிரண்டு இயல்களை வெளியிட்டபின் நிறுத்திவிட்டது. நட்புக்குரிய ஏடும் அஞ்சத்தக்க சொல் அது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு

இவ்விவாதம் தமிழ்ச் சூழலுக்கு வந்ததில் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயரின் (1855–1916) பங்கு பெரிது. 1878இல் 'தி இந்து' இதழைத் தொடங்கியோருள் ஒருவர். 1882இல் 'சுதேசமித்திரன்' கண்டவர். 1897இல் இந்தியச் செலவினம் பற்றிய வெல்பி ஆணையத்தின்முன் வாச்சா, கோகலே, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் அவரும் இலண்டனில் சான்றளித்தார். நௌரோஜி அவ்வாணையத்தின் உறுப்பினராக இருந்தார். 1903இல் ஆங்கிலேய ஆட்சியின் பொருளியற் கூறுகள் பற்றிய தம் ஆங்கில நூலை ஐயர் வெளியிட்டார். ஆணையத்தின்முன் ஆங்கிலத்தில் சான்றளித்த அவரே, சுதேசி இயக்கக் காலத்தில் மக்கள் கூட்டங்களில் தமிழில் உரையாற்றினார்.

இம்மாற்றம் உடனே முழுமையடைந்ததன்று. 1907 மே மாதத்தில் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தைக் கவர்ந்த விபின் சந்திர பாலரின் உரைகள் ஆங்கிலத்திலேயே அமைந்தன. அவை திறந்தவெளிக்கு வந்தது. மொழி இன்னும் கல்லூரியிலேயே நின்றது. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் அவ்வெல்லையும் கடக்கப்பட்டது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய வ.உ.சிதம்பரம் பிள்ளையும், சுப்பிரமணிய சிவாவும் 1908 தொடக்கத்தில் அங்குத் தொடர்ந்து தமிழில் பேசினர். அவர்களின் அவையில் பஞ்சாலைத் தொழிலாளரும் இருந்தனர். பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கோரல் ஆலை வேலைநிறுத்தம் ஊதிய உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்று முடிந்தது. ஆளுக்கு எத்தனை ரூபாய் என இலண்டனில் எழுந்த வினா, இந்த ஆலையில் இந்தக் கூலி போதுமா என்னும் வினாவாகத் தூத்துக்குடியில் உருக்கொண்டது.

அரசின் எதிர்வினையும் அவைக்கேற்ப அமைந்தது. நௌரோஜியின் கட்டுரைக்கு அலுவலர் குறிப்பெழுதி மறுத்தனர். தூத்துக்குடிப் பேச்சுக்கு விடை சிறை. 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். சூலையில் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுப்பிரமணிய ஐயரும் அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானார்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. இலண்டன் அவை அரசின் எண்களையே கருவியாக்கும் முறையை உருவாக்கியது. பூனாக் கல்லூரி அவை, அயல்நாட்டுக் கோட்பாட்டை ஐயுறும் துணிவைத் தந்தது. புலேயின் வாசிப்பு அவை, வறுமையின் உள்நாட்டுக் காரணங்களைப் பேச இடமளித்தது. தூத்துக்குடி அவை பொருளியல் வாதத்தைக் கூலி உரிமையோடு இணைத்தது. இவற்றுள் எதுவும் மற்றொன்றின் இடத்தை நிரப்பவில்லை.

இவை எஞ்சிய விதமும் வேறு வேறானது. ஆங்கில உரைகளைச் சங்கங்கள் அச்சிட்டன. 1898இல் ரானடேயின் கட்டுரைத் தொகுதியும், 1901இல் நௌரோஜியின் தொகுதியும் நூலாயின. தூத்துக்குடித் தமிழ் உரைகளோ காவல்துறையினர் எடுத்த குறிப்புகளாக வழக்குமன்றத்தை அடைந்தன. பேசியோர் தம் சொல்லைத் தாமே செப்பம் செய்து வெளியிட்ட மரபு ஒருபுறம்; பேசியோரைத் தண்டிக்கும் பொருட்டுப் பிறர் எழுதிவைத்த ஏடு மறுபுறம். இவ்வேறுபாட்டைக் கருதாமல், பொருளியற் சிந்தனை ஆங்கிலத்தில் மட்டுமே நிகழ்ந்தது, தமிழில் உணர்ச்சிப் பேச்சே இருந்தது என்று முடிவுகட்டுதல் பிழையாகும். வழக்கு ஆவணங்களையும் இதழ்ச் செய்திகளையும் ஒப்பிட்டு அவ்வுரைகளின் வாதமுறையை மீட்டெடுத்தல் வேண்டும். உரைநடை வரலாற்றை எழுதும் தமிழ்த் துறைகள் மேடைத் தமிழையும் பொருளியல் மொழியாகக் கொண்டு ஆராயும்போதே அவ்வரலாறு நிறைவுபெறும்.