பொத்தான்களின் போர் – 11: கடை வைத்திருப்பவனும் கருவி செய்பவனும்

399 டாலர். போன வாரம் இந்த எண்ணோடு நிறுத்தியிருந்தோம்.

2021 ஜூலை 15 அன்று அமெரிக்காவின் வால்வ் நிறுவனம், இரண்டு கைகளில் பிடித்து விளையாடும் முழுக் கணினி ஒன்றை அறிவித்தது. பெயர் ஸ்டீம் டெக். ஏழு அங்குலத் திரை, 16 ஜிபி நினைவகம், ஏஎம்டியின் சிப். ஷென்சென் நகரத்து ஜிபிடி நிறுவனம் அதே ஆண்டில் இதே வகைக் கருவிக்கு 799 டாலர் கேட்டுக்கொண்டிருந்தது. ஜிபிடிக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 2016லேயே 'வின்' என்ற கையடக்கக் கணினியை, இணையத்தில் முன்பணம் திரட்டிச் செய்து விற்றவர்கள். தொழிலில் ஊறிய அவர்களாலேயே முடியாத விலையை, முதன்முதலாகக் களமிறங்கிய வால்வ் எப்படிப் போட்டது?

அந்த விலை தங்களுக்கு வலிக்கத்தான் செய்தது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் அப்போதே ஒப்புக்கொண்டார். ஆனால் கன்சோல் உலகத்துக்கு அந்த வலி பழகிப்போன ஒன்று. 2021 மே மாதம், எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சி சொன்னார். எக்ஸ்பாக்ஸ் கருவிகளை ஒருபோதும் லாபத்துக்கு விற்றதில்லை என்பது அவருடைய வாக்குமூலம். அதே ஆண்டு ஆகஸ்டில் சோனி வெளியிட்ட செய்தியும் அதே ரகம்தான். 499 டாலர் பிளேஸ்டேஷன் 5 இனி நட்டத்தில் விற்கப்படவில்லை என்றது. அதாவது சந்தைக்கு வந்த தொடக்க மாதங்களில் ஒவ்வொரு பெட்டியும் கைக்காசைத் தின்றிருக்கிறது.

பிறகு பணம் எங்கிருந்து வருகிறது? கடையிலிருந்து. அந்தக் கருவிக்காக விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் சுமார் 30 சதவீதம் கருவிக்காரருக்குப் போகிறது. நம் மலேசியத் தோட்டங்களில் அந்தக் காலத்துக் கங்காணிகள் பலர் சாமான் கடையும் நடத்தினார்கள். லயத்தில் குடியிருக்க வாடகை இல்லை. ஆனால் அரிசியும் பருப்பும் கங்காணி கடைக் கணக்கில்தான். கன்சோல் வியாபாரத்தின் அடித்தளமும் அதுவே.

வால்விடம் ஸ்டீம் என்ற கடை 2003 முதல் இருந்தது. கணினி விளையாட்டு விற்பனையில் அதற்கு ஈடான கடை உலகில் வேறில்லை. 399 டாலரின் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் கங்காணி செய்யாத ஒன்றை வால்வ் செய்தது. வாசலைப் பூட்டவில்லை. ஸ்டீம் டெக்கில் அடுத்தவர் கடையை ஏற்றிக்கொள்ளலாம், வேறு இயங்குதளத்தையே போட்டுக்கொள்ளலாம். வாங்கியவரின் பழைய விளையாட்டுகளும் அப்படியே வந்து உட்கார்ந்தன. இணையத்தில் பிறரோடு விளையாட மாதக் கட்டணமும் இல்லை. பிளேஸ்டேஷனில் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு அது உண்டு. புதிய பிஎஸ்5 விளையாட்டு ஒன்றுக்கு 300 வெள்ளியை ஒட்டிக் கொடுக்கும் நம் ஊர் இளைஞருக்கு, ஸ்டீமின் தள்ளுபடி விற்பனைக் காலம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

2022 பிப்ரவரி 28இல் முதல் ஸ்டீம் டெக் கருவிகள் அனுப்பப்பட்டன. எங்கே? அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன். ஆண்டு இறுதியில் ஜப்பான், தென் கொரியா, தைவான், ஹாங்காங் சேர்ந்தன. மலேசியா அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. 2000களில் கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் பள்ளி விட்டதும் பையோடு சிசி எனப்படும் சைபர் கஃபேக்கு ஓடி, கவுன்டர் ஸ்ட்ரைக்கில் நாணயங்களைக் கரைத்த தலைமுறை ஒன்று உண்டு. அந்த விளையாட்டு வால்வுடையது. அதே தலைமுறைக்கு அப்போது ஸ்டீம் டெக் வேண்டுமென்றால் தனியார் இறக்குமதிதான் வழியாக இருந்தது. உத்தரவாதம் இருக்கவில்லை, விலையும் கூடுதலாக இருந்தது. எனக்கு இது இன்றும் ஆறாத குறை.

இத்தனைக்கும், இந்தக் கையடக்கப் போரில் எங்கள் கெடா மாநிலத்துக்கு ஒரு பங்கு உண்டு. அது விளம்பரத்தில் வராத பங்கு.

*

கரங்கான், கெடாவின் கூலிம் மாவட்டத்தில் உள்ள சிறு பட்டணம். டப்ளின் தோட்டம் போன்ற பெருந்தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில், பால்மரம் சீவியவர்களின் பிள்ளைகளுக்கு அடுத்த வாசலாகத் திறந்தது 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா. அதற்கு முன்பே, 1972 முதல், இன்டெலும் ஏஎம்டியும் பினாங்கில் ஆலை நடத்திவந்தன. கூலிம் வட்டாரத்துச் சாலைகளில் விடியுமுன் ஓடும் ஃபேக்டரி பஸ் அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

2023 ஆகஸ்டில் இன்டெல் பல நாட்டுச் செய்தியாளர்களைப் பினாங்கு, கூலிம் ஆலைகளுக்குள் அழைத்துச் சென்றது. அப்போது அங்கே தயாராகிக்கொண்டிருந்தது மீட்டியர் லேக் என்ற புதிய சிப். கூலிம் ஆலையின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெளிநாட்டு ஆலையில் அச்சான வட்டத் தகடு இங்கே வருகிறது. உணவுத் தட்டு அகலம். அதில் நூற்றுக்கணக்கான சிப்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். ஒவ்வொன்றிலும் மின்சாரம் செலுத்திச் சோதிக்க வேண்டும். பிறகு தகட்டின் முதுகை இழைத்து மெலிதாக்கி, லேசரால் கோடு போட்டு, ரம்பத்தால் அறுத்து, தேறியதை மட்டும் பொறுக்கி நாடாச் சுருளில் வைக்க வேண்டும். தேறாதது அங்கேயே கழிந்துவிடும். அந்தச் சுருள் பினாங்கு ஆலைக்குப் போய், சிப்பாக ஒன்று சேர்ந்து உலகத்துக்குக் கிளம்புகிறது. தலை முதல் பாதம் வரை வெள்ளை உடை போர்த்துக்கொண்டு பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் கைகளைக் கடந்துதான் கோர் அல்ட்ரா என்ற பெயர் உலகச் சந்தைக்கு வந்தது.

அந்தக் கோர் அல்ட்ராவைத் தாங்கி ஒரு கையடக்கக் கணினி களமிறங்கத் தயாரானது. ஆனால் அதற்குள் களத்தில் வேறொருவர் நின்றிருந்தார்.

*

2023 ஏப்ரல் முதல் தேதி. தைவானின் ஆசஸ் நிறுவனம் ஆர்ஓஜி அலை என்ற கருவியைக் காட்டியது. தேதியைப் பார்த்த பலர் முட்டாள் தின விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ஜூன் 13இல் கருவி உண்மையாகவே விற்பனைக்கு வந்தது. வேகமான மாதிரி 699 டாலர். வால்வ் வராத மலேசியாவுக்கும் ஆசஸ் நேராக வந்தது. அந்த ஆண்டின் இறுதிக்குள் லெனோவோவின் லீஜன் கோவும் சேர்ந்துகொண்டது.

இங்கேதான் பழைய கணக்கு பல்லிளித்தது. ஆசஸுக்குக் கடை இல்லை. அலை வாங்கியவர் விளையாட்டு வாங்கப் போவது வால்வின் ஸ்டீமில். கருவியில் பார்க்கும் லாபம் மட்டுமே ஆசஸுக்கு. அதற்குப் பிறகு வரும் காசெல்லாம் எதிராளி பெட்டிக்கு. ஆகவே விலை ஏறித்தான் தீரும். கூடவே விண்டோஸின் தொல்லை: மேசைக் கணினிக்காகச் செய்த குட்டிக் குட்டிப் பட்டன்களை ஏழு அங்குலத் திரையில் கட்டை விரலால் தேட வேண்டியிருந்தது. கனமான விளையாட்டு என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி கையை விரித்தது. சூட்டால் மெமரி கார்டு துளை பழுதாகலாம் என்று ஆசஸே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

2024 மார்ச்சில் எம்எஸ்ஐ நிறுவனத்தின் கிளா என்ற கையடக்கக் கணினி வந்தது. அதனுள் இருந்தது, கூலிமிலும் பினாங்கிலும் உருவான அந்தக் கோர் அல்ட்ரா குடும்பம். முதல் சுற்றில் அடி வாங்கியது. விமர்சகர்களின் சோதனையில் அலையைவிட மெதுவாக ஓடியது; சில விளையாட்டுகள் தடுமாறின. முக்கியக் காரணம் சிப்போடு பேச வேண்டிய மென்பொருள் பழுக்காதது. கெடாவின் கைகள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருந்தன. அடுத்த தலைமுறை இன்டெல் சிப்போடு வந்த கிளா 8 ஏஐ பிளஸ் அதே விமர்சகர்களிடம் பாராட்டு வாங்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை.

*

இனி எண்களுக்கு வருவோம். ஐடிசி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022 முதல் 2024 வரை மூன்று ஆண்டுகளில் ஸ்டீம் டெக், அலை, லீஜன் கோ, கிளா எல்லாம் சேர்ந்து கடைக்குப் போனவை ஏறக்குறைய 60 லட்சம். 2017இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் மட்டும் 15 கோடியைத் தாண்டியது. 2025 ஜூன் 5இல் வந்த ஸ்விட்ச் 2 முதல் நான்கே நாளில் 35 லட்சம் விற்றது. மூன்று ஆண்டு விற்பனையில் பாதிக்கு மேல், நான்கு நாளில்!

எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கையடக்கக் கணினி தோற்றது என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் தராசின் ஒரு தட்டைத்தான் பார்த்தார்கள் என்பேன். நின்டெண்டோவிடம் மரியோ இருக்கிறார். மரியோவை ஸ்டீமில் வாங்க முடியாது. அதனால் அதன் வேலி நிற்கிறது. சோனி 2020லேயே ஹொரைசன் ஜீரோ டானைக் கணினிக்கு விட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தன் விளையாட்டுகளை வெளியே அனுப்பியது. பிளேஸ்டேஷன் பெட்டி வாங்காமலே, செம்பனைத் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் அவற்றை விளையாட வழி பிறந்தது. பெட்டிக்கும் விளையாட்டுக்கும் இருந்த கட்டு தளர்ந்தது. அந்தத் தளர்வைக் கைக்குள் கொண்டுவந்தவை இந்த 60 லட்சம் கருவிகள்.

அந்தக் கட்டு தளர்ந்ததை எல்லோருக்கும் முன்பே உணர்ந்தது, மூன்றாம் இடத்தில் தவித்துக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட். 2025 அக்டோபர் 16. ஆசஸ் செய்த புதிய கையடக்கக் கணினி கடைக்கு வந்தது. பட்டனில் எக்ஸ்பாக்ஸ் சின்னம், பெயரிலேயே எக்ஸ்பாக்ஸ். ஆனால் எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக மட்டும் செய்த விளையாட்டுகள் அதில் நேரடியாக ஓடவில்லை. திரையில் வரிசைகட்டிய விளையாட்டுப் பட்டியலிலோ, எக்ஸ்பாக்ஸ் கடைச் சரக்கின் பக்கத்திலேயே ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகளும் நின்றன.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நட்டத்தில் பெட்டி விற்றுக் காத்த கடையை விட்டுவிட்டு, தன் சின்னம் பொறித்த கருவிக்குள் எதிராளியின் கடைக்கு மைக்ரோசாஃப்ட் ஏன் வாசல் வைத்தது?

(அடுத்த வாரம்)